ஓட்டுநர் பெயர்: (நிரப்பப்படவில்லை)

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சாலையோரம் நின்று கை காட்டினேன், ஒரு வண்டி நின்றது, ஏறி உட்கார்ந்துகொண்டேன். கதையில் என் பங்கு அவ்வளவுதான்.

நான் ஏறியது பஸ் அல்ல, பழைய ஆம்னி வேன். அதன் பின்கண்ணாடியில் ‘முன்னால் சைக்கிள் வீராங்கனை செல்கிறார்’ என்று ஒட்டியிருந்ததை இறங்கும்போதுதான் பார்த்தேன். நான் ஏறியபோது முன்னால் எந்த வீராங்கனையும் இல்லை. அவர் ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி, அரூர் ரோட்டில், மே மாத வெயிலில், காலி பாட்டிலோடு மிதித்துக்கொண்டிருந்தார். அவருக்கான தண்ணீர் வேனில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் மேல் நான் கால் வைத்திருந்தேன்.

வேறு யாராவது என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். நான் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

(பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். அது வீராங்கனை போட்ட நிபந்தனை. அவர் போட்ட இன்னொரு நிபந்தனை, எழுதியதை எல்லாம் அவருக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும் என்பது. அதனால்தான் இந்தக் கதை இத்தனை தடவை அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது.)

2

தொடக்கம், ஒன்று:

“வத்தல்மலையின் உச்சியில் பனி விலகாத அந்த அதிகாலையில், நிர்மலாவின் கண்களில் ஒரு கனவு

[இங்கேயே நிறுத்திவிட்டேன். அன்றைக்குப் பனி கிடையாது. புறப்பட்டது காலை ஒன்பது மணிக்கு, வெயிலில் ஓட்டிப் பழக வேண்டும் என்பதற்காகவே. கண்களில் இருந்தது கறுப்புக் கண்ணாடி.]

தொடக்கம், இரண்டு:

“பெண் என்றால் அடுப்படி என்று நினைக்கும் இந்தச் சமூகத்தில்

[இதற்கு அவரிடமிருந்து உடனே போன் வந்தது. “எங்கூட்டு அடுப்படியில அவருதாங்க நிக்கிறாரு. எனக்கு ரசம் கூட ஒழுங்கா வெக்கத் தெரியாது. நீங்க எந்தச் சமூகத்தைங்க சொல்றீங்க?”]

தொடக்கம், மூன்று. இதை அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் வைத்துக்கொண்டேன்:

நிர்மலாவுக்கு வயது நாற்பத்து மூன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். காலையிலிருந்து மாலைவரை ஜன்னல் வழியே சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதி நேரமெல்லாம் சைக்கிள் மிதிப்பவள்.* ஓசூரில் புறப்பட்டு தனுஷ்கோடியில் முடிகிற, ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பின்னாலேயே ஒரு வண்டி வர வேண்டும். தண்ணீர், சாப்பாடு, டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் அதில்தான். பந்தய விதிப்படி, வண்டி அரை மணி நேரத்துக்கு மேல் கண்ணில் படாவிட்டால் அவள் நின்றுவிட வேண்டும்.

போன வருஷம் அப்படித்தான் நின்றாள். மதுரையைத் தாண்டி, மானாமதுரைக்கு முன்னால். வாடகை வண்டிக்காரர் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். அந்த வருஷம் அதோடு போயிற்று. இந்த வருஷம் டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, “இதான் கடைசின்னு வெச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டார். ஆகவே இந்த முறை வண்டியை ஓட்டப்போவது அவள் புருஷன் கிருஷ்ணப்பன். சொந்த மனிதர் விட்டுவிட்டுப் போகமாட்டார் அல்லவா?

* நேரில் ‘வாங்க, போங்க’ என்று பேசுகிறவன் கதையில் ‘அவள்’ என்று எழுதுகிறேன், அவள் புருஷனுக்கு மட்டும் ‘அவர்’ போடுகிறேன். இது எனக்கே உறுத்தியது. கேட்டேன். “பந்தயத்துல நம்பர் சொல்லித்தான் கூப்புடுவாங்க. இது தேவலாம், எழுதிக்கங்க” என்றார்.

3

பொம்மிடி ரயில்வே ஸ்டேஷனிலிருந்து புறப்பட்டார்கள். அன்றைய திட்டம் நூற்று முப்பது கிலோமீட்டர்: பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், தீர்த்தமலை வரை போய்த் திரும்பி, தர்மபுரி வழியாக வத்தல்மலை ஏற்றம். வேனில் மூன்றாவது ஆள் சுல்தானா. பொம்மிடியில் தையல் கடை வைத்திருப்பவள், நிர்மலாவின் பள்ளித் தோழி. எத்தனை மணிக்கு என்ன குடித்தாள், என்ன தின்றாள் என்று நோட்டில் குறிப்பதும், ஓடுகிற வண்டியிலிருந்து பாட்டிலை எட்டிக் கொடுப்பதும் அவள் வேலை.

கிருஷ்ணப்பன் டவுன் பஸ் டிரைவர். தனியார் பஸ்தான். இதே பொம்மிடி–அரூர் வழியில் பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறார். இந்தப் பந்தயத்துக்காக வாழ்க்கையில் முதல் தடவையாக நான்கு நாள் சேர்த்து லீவு சொல்லியிருக்கிறார். முதலாளி நம்பாமல் ஆள் அனுப்பி விசாரித்தாராம்.

பாப்பிரெட்டிப்பட்டி தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. நிர்மலா ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு, கையை ஆட்டிவிட்டு, நேராக மெயின் ரோட்டில் போனாள். நல்ல ரோடு. எதிர்க்காற்று இல்லை. இரண்டு பக்கமும் மரவள்ளியும் கரும்புமாக நின்றது. கால்கள் சொன்னபடி கேட்டன. இந்த மாதிரி நாள் வருஷத்தில் நாலோ ஐந்தோதான் வரும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் அதை ரசித்து மிதித்தாள்.

கால் மணி நேரத்தில் பாட்டில் பாதி. அரை மணியில் காலி. திரும்பிப் பார்த்தாள். வேனைக் காணோம்.

இந்த இடத்தில் டவுன் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டவுன் பஸ் மெயின் ரோட்டில் நேராகப் போகாது. வழியில் பிரிந்து, உள்ளே இருக்கிற மூன்று ஊரையும் சுற்றிக்கொண்டு, அரூருக்குப் பக்கத்தில் திரும்ப மெயின் ரோட்டில் வந்து ஏறும். பத்தொன்பது வருஷமாக அந்தப் பிரிவு வந்ததும் கிருஷ்ணப்பன் இடது பக்கம் திரும்பியிருக்கிறார். அன்றும் திரும்பினார்.

முதல் ஊரில் ஒரு பெண் கை காட்டினார். வேன் நின்றது. பின்சீட்டில் குனிந்து பேரீச்சம்பழத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த சுல்தானா, “அண்ணா, எதுக்கு நிறுத்துனீங்க?” என்று நிமிர்ந்தாள். ஏறியது அவள் கடை வாடிக்கையாளர். ஜாக்கெட் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். சுல்தானாவுக்கு அதற்குப் பதில் சொல்லி முடிக்கவே அடுத்த ஊர் வந்துவிட்டது. (இதை எழுதக் கூடாது என்று சுல்தானா மிகவும் கேட்டுக்கொண்டாள்.) அடுத்த ஊரில் ஒரு தாத்தாவும் பேரனும். பிறகு குண்டுமல்லிக் கூடையோடு குள்ளம்மாள் என்கிற வயதான அம்மாள். கூடையை ஏற்றவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. மூன்றாவது ஊரில் நான், ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போவதற்காகப் போட்ட வெள்ளைச் சட்டையோடு.

நான் ஏறி உட்கார்ந்ததும் குள்ளம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்தார்.

“ஆயா, இது பஸ் இல்லீங்க” என்றார் கிருஷ்ணப்பன்.

“பின்ன எதுக்குடா நின்ன?”

கிருஷ்ணப்பன் கண்ணாடியில் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு ஐஸ் பெட்டியைப் பார்த்தார், அதன் மேலிருந்த என் காலைப் பார்த்தார். நான் காலை எடுத்தேன். அதற்குப் பிறகு அவர் ஓட்டிய வேகத்தில் குண்டுமல்லி பாதி சீட்டில் கொட்டிவிட்டது.

4

நிர்மலா அரூருக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால், ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தாள். விதி விதிதான், பயிற்சியிலும் அதை மீறக் கூடாது என்று நின்றாள். பர்ஸும் போனும் வேனில் இருந்தன.

முதலில் கோபம் வந்தது. சாப்பிடப் போன அந்த வாடகை வண்டிக்காரர் ஞாபகம் வந்தார். பத்து நிமிஷம் ஆனதும் கோபம் போய்ப் பயம் வந்தது. லாரி, வளைவு, டயர் என்று என்னென்னவோ நினைத்தாள். வேன் தூரத்தில் தெரிந்ததும்

[இங்கே நான் “அவள் கண்கள் கலங்கின” என்று எழுதியிருந்தேன். போன் வந்தது. “நான் அழுவலைங்க. உள்ள எத்தன தலைன்னு நான் எண்ணவும் இல்ல. அவரு மூஞ்சியத்தான் பாத்தேன். முழுசா இருக்காரான்னு. அதுக்கப்புறந்தான் உள்ள இத்தன பேரு உக்காந்திருக்கறது தெரிஞ்சுது. அப்ப வந்துச்சு பாருங்க கோவம்!”]

வேன் நின்றது. அவள் ஒரு பாட்டிலை முழுதும் குடித்தாள். இன்னொன்றைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். பிறகு வேனுக்குள் பார்த்தாள்.

“யாருங்க இவங்கெல்லாம்?”

கிருஷ்ணப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். “தெரியல நிர்மலா. கை காட்டுனாங்க.”

“கை காட்டுனா?”

“காலு தன்னால பிரேக்குல போவுது. நான் வேணும்னு பண்ணல.”

குள்ளம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி, “ஏம்மா, இடம் இருக்குது, நீயும் ஏறிக்க. எதுக்கு இந்த வெயில்ல மிதிக்கற?” என்றார்.

நிர்மலா சிரித்துவிட்டாள். சிரித்தது தனக்கே பிடிக்காமல் உடனே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். நாங்கள் அரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். வேனை அவர் தன் பஸ் வழக்கமாக நிற்கிற இடத்திலேயே நிறுத்தினார் என்பதை ஒரு தகவலாகச் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் அன்று மாலை வத்தல்மலை ஏற்றத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த மனிதரை நீங்கள் தப்பாக எடைபோட்டுவிடுவீர்கள். மலை ரோட்டில் கை காட்ட ஆள் இல்லை. கிருஷ்ணப்பன் அவளுக்குப் பத்தடி பின்னால், நடக்கிற வேகத்தில், ஒரு தடவை கூட இன்ஜின் உறுமாமல் வண்டியை ஏற்றினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் ஜன்னலில் தலையை நீட்டி, “வெளிப்பக்கம் ஒதுங்கி ஏறு, அங்க ஏத்தம் கம்மி” என்றார். மேலிருந்து வருகிற வண்டிகளை ஹாரன் அடித்து நிறுத்திவைத்தார். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவைப்படவில்லை. உச்சியில் இறங்கியபோது முழங்கால் வலிக்கவில்லை. ஒரு ஊரே சேர்ந்து தன்னை மேலே தள்ளிவிட்டது போல இருந்தது என்று என்னிடம் சொன்னாள். சாமை வயலோரம் மூன்று பேரும் உட்கார்ந்து, மீந்துபோன உருளைக்கிழங்கை உப்புத் தொட்டுத் தின்றார்கள். அன்றைக்கு அவள் மிகவும் சந்தோஷமாக இருந்தாள்.

5

இப்போது சிக்கல் என்னவென்றால், பந்தய விண்ணப்பத்தில் ‘ஓட்டுநர் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினால் மாற்ற முடியாது. ஒரே ஒரு பெயர்தான்.

சுல்தானாவின் தம்பி அப்துல்லா பெங்களூரில் டாக்ஸி ஓட்டுகிறான். ரோட்டில் சொந்தச் சித்தப்பா கை காட்டினாலும் நிறுத்தமாட்டான் என்று அவளே பெருமையாகச் சொன்னாள். வரத் தயார். கிருஷ்ணப்பனிடமும் நிர்மலா மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவர், “அவனையே போட்டுக்க. நீ போய்ச் சேரணும், அதான் முக்கியம்” என்றார். சொல்லிவிட்டு அன்றைக்கு ரசத்துக்கு உப்பு இரண்டு தடவை போட்டார்.

எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. பத்திரிகை ஆசிரியர் படித்தால் ‘மிகை’ என்று ஓரத்தில் எழுதுவார். ஆகவே ஒரு நாள் கிருஷ்ணப்பனின் பஸ்ஸில் சும்மா ஏறிப் போய்ப் பார்த்தேன். ஸ்டாப்பில் யாரும் இல்லாவிட்டாலும் வேகத்தைக் குறைத்து, உள்தெருவை ஒரு பார்வை பார்க்கிறார். ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மாள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். பஸ் நின்றது. அவர் பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, கோழியைத் துரத்திவிட்டு, நிதானமாக வந்து ஏறினார். பஸ்ஸில் யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரு நாள் அப்படி நின்றிருக்கிறது. நான் இறங்கி வந்து, பாத்திரத்தில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு, அ: அப்துல்லா ஓட்டுகிறான். நிர்மலா முப்பத்து நான்கு மணி நேரத்தில் தனுஷ்கோடி சேர்கிறாள். கிருஷ்ணப்பன் வீட்டில் போனைப் பார்த்தபடி [முடிக்க மனம் வரவில்லை.]

முடிவு, ஆ: கிருஷ்ணப்பன் ஓட்டுகிறார். மேலூர் அருகே ஒரு கர்ப்பிணிப் பெண் கை காட்ட [இது சினிமா. அடித்துவிட்டேன்.]

இப்படி நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது சுல்தானா கூப்பிட்டாள்.

“சார், எல்லாத்துக்கும் நீங்களும் ஒரு காரணந்தான?”

“கடைசியா ஏறுனவன்தாங்க நான்.”

“வர்ற ஞாயித்துக்கெழம மறுபடியும் போறோம். நீங்களே வந்து மெயின் ரோட்டுல நில்லுங்க. கை காட்டுங்க. அண்ணன்கிட்ட சொல்ல மாட்டோம். நின்னா அப்துல்லா பேரு, நிக்கலன்னா அண்ணன் பேரு. கதை எழுதறவருக்கு இதுகூட பண்ண முடியாதா?”

கதாசிரியன் தன் கதைக்குள் இறங்கித் தானே முடிவைச் சோதிக்கலாமா என்ற இலக்கியக் கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை. என்ன சட்டை போடலாம் என்றுதான் யோசித்தேன்.

6

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு மெயின் ரோட்டில், கோவிந்தன் டீக்கடைக்கு எதிரே, அதே வெள்ளைச் சட்டையோடு நின்றேன். நிர்மலா வந்தாள். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கடந்து போனாள். பின்னாலேயே வேன்.

கை காட்டினேன்.

ஓட்டுகிறவரின் முகம் தெரிந்தது. அவருக்கும் என் முகம் அடையாளம் தெரிந்துவிட்டது. வேனின் வேகம் ஒரு நொடி குறைந்தது, முன்பக்கம் லேசாகக் குனிந்தது. பிறகு நேராகிப் போய்விட்டது. என்னைத் தாண்டும்போது அவர் பார்வை ரோட்டில்தான் இருந்தது, ஆனால் உதடு என்னவோ சொன்னது. ‘மன்னிச்சுக்கங்க’ என்று நான் படித்துக்கொண்டேன். வேறு ஏதாவதாகவும் இருந்திருக்கலாம்.

முன்னால் போய்க்கொண்டிருந்த நிர்மலா திரும்பவில்லை. காதைத்தான் பின்னால் வைத்திருந்தாள். இன்ஜின் சத்தம் விடாமல் வந்தது. அன்று வழியில் என்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கை காட்டினார்களாம். நான்கு இடத்திலும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு தீர்த்தமலை அடிவாரத்தில் பயிற்சியை முடித்துக்கொண்டு, சைக்கிளை வேனில் ஏற்றி, மூன்று பேரும் பொம்மிடிக்குத் திரும்பினார்கள். வண்டியைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று மறுபடி எடுத்துப் போன கிருஷ்ணப்பன் ஐந்து மணிக்குத்தான் வந்தார்.

இரவு நிர்மலா எனக்கு அனுப்பிய குரல் செய்தியை அப்படியே தருகிறேன்: “சார், அவரு பாஸாயிட்டாரு. பேரை எழுதிரலாம்னு இருக்கேன். எனக்கு என்னமோ ரொம்ப நிம்மதியா இருக்குது.”

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். நானும் முடித்துவிட்டு, கீழே கோடு போட்டு, பெயரும் எழுதிவிட்டேன்.

7

அந்தக் கோட்டை அழிக்க வேண்டியதாகிவிட்டது. புதன்கிழமை அந்த வழியாக வந்தவன், கோவிந்தன் கடையில் டீ குடிக்க நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஞாயித்துக்கெழம காத்தால இங்க நின்னு கை காட்டுனது நீங்கதான?”

“ஆமாங்க.”

“மத்தியானம் ரெண்டரைக்கு ஒரு ஆம்னிக்காரரு உங்களத் தேடிட்டு வந்தாருங்க. அந்த வெள்ளச் சட்ட சாரு ஏறிட்டாரான்னு கேட்டாரு. அடுத்த பஸ்லயே போயிட்டாருன்னேன். எந்த பஸ்ஸு, உக்கார இடம் கெடச்சுதான்னாரு. எனக்கு எப்பிடிங்க தெரியும்? டீ குடிங்கன்னா வேணாம்னுட்டாரு. இன்னும் நாலு எடத்துல கேக்கணும்னு கெளம்பிட்டாரு.”

எனக்கு உட்கார இடம் கிடைத்தது, கிருஷ்ணப்பன். ஜன்னலோரம். அதை உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வண்டி கழுவப் போனதாக அவர் வீட்டில் சொன்னது இதைத்தான். நிர்மலாவுக்குத் தெரியாது.

தெரிந்தால் என்ன செய்வாள் என்று இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள், “அறுநூறு கிலோமீட்டருக்கு எத்தன கை இருக்கும்? அத்தனையும் மனசுல ஏத்திக்கிட்டா எம் பின்னால வரணும்? வேணாங்க” என்று அப்துல்லாவின் பெயரை எழுதுகிறாள். இன்னொன்றில், “யாருன்னே தெரியாதவங்களுக்குத் திரும்பிப் போனவரு, என்னயா நடுரோட்டுல வுட்டுருவாரு?” என்று கிருஷ்ணப்பனின் பெயரையே, முன்பைவிட அழுத்தி எழுதுகிறாள். இரண்டும் அவள் குரல்தான். இரண்டையும் அனுப்பிக் கேட்கவும் முடியாது, கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். எழுதியதில் அவளுக்கு அனுப்பாமல் வைத்திருப்பது இந்த ஏழாம் பகுதி ஒன்றுதான்.

சொல்லாமலே விட்டுவிடலாம் என்றும் தோன்றுகிறது. அவளுக்கு நிம்மதியாக இருக்கிறது. அவருக்கு மனைவி பின்னால் வண்டி ஓட்டக் கிடைத்திருக்கிறது. எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது நடுவில் புகுந்து பேச நான் யார், ஒரு தடவை லிஃப்ட் கேட்டவன்.

இன்றைக்கு வியாழக்கிழமை. நாளை மாலை ஐந்து மணிவரை அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும், எதையும் கடைசி நேரத்தில்தான் அனுப்புவாள் என்று சுல்தானா சொல்லியிருக்கிறாள். இந்தக் கதை அச்சாகி அவள் கைக்குப் போவதற்குள் பந்தயமே முடிந்திருக்கும், அதனால் இதன் வழியாக அவளுக்குத் தெரியவரும் என்று தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. போன் மேஜை மேல் இருக்கிறது. எண் இருக்கிறது. அவர் திரும்பிப் போனது இப்போது உங்களுக்கும் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியாது. கூப்பிடட்டுமா?